கடலோடிகளின் கடனும் டமாரிஸ் பேஜின் விடுதியும்

1. கேள்வி

1668 மார்ச் 25 காலை, லண்டன் வைட்ஹால் அரண்மனையில் யார்க் கோமகன் ஜேம்ஸ் நல்ல களிப்பில் இருந்தார். முந்தைய இரண்டு நாட்களாக நகரின் கிழக்கிலும் வடக்கிலும் தொழில் பழகும் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகத் திரண்டு விலைமாதர் விடுதிகளை இடித்துக்கொண்டிருந்தார்கள். காவல் படையும் ஊர்ப்படையும் இரவெல்லாம் ஆயுதத்தோடு நின்றும் கலகம் அடங்கவில்லை. இடிபட்ட வீடுகளில் டமாரிஸ் பேஜ் என்பவருடைய வீடும் ஒன்று என்ற செய்திதான் கோமகனுக்கு வேடிக்கையாக இருந்தது. மது விற்கும் உரிமத்துக்காக ஆண்டுக்கு 15 பவுண்டு தமக்குச் செலுத்திவந்த இரண்டு பேரின் வீடுகளும் அதோடு போய்விட்டன என்று அவர் சிரித்தபடியே குறைப்பட்டுக்கொண்டார். இதைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தவர் கடற்படை வாரியத்தின் எழுத்தர் சாமுவேல் பெப்பிஸ். பேஜ் என்பவர் கடலோடிகளுக்குப் பெண்களைக் கூட்டிக்கொடுப்பதில் பேர்போனவர் என்ற விளக்கத்தையும் அவர் சேர்த்திருக்கிறார்.

யார்க் கோமகன் மன்னர் இரண்டாம் சார்லஸின் தம்பி. நாட்டின் கடற்படைத் தலைவரும் அவரே. அப்படிப்பட்டவர், கப்பல்துறைக் குடியிருப்பு ஒன்றில் விடுதி நடத்திய பெண்ணைப் பெயர் சொல்லும் அளவுக்கு அறிந்திருந்தது எப்படி? டமாரிஸ் பேஜைப் பற்றி எழுதியவர்கள் இந்தக் காட்சியைச் சுவைக்காக எடுத்துக்காட்டுவது வழக்கம். இந்தக் கட்டுரை அதை ஒரு சான்றாக எடுத்துக்கொள்கிறது. பேஜின் தொழில் சட்டப்படி குற்றம். ஆனால் அந்தக் குற்றம் தழைத்தது கடற்படை தன் ஆட்களைப் பிடித்த முறையாலும், பிடித்தவர்களுக்குச் சம்பளம் தராமல் இழுத்தடித்த முறையாலும்தான் என்பது என் வாதம். அந்த முறைகளைப் பார்க்காமல் பேஜின் வாழ்க்கையை எழுதினால் எஞ்சுவது வெறும் வம்புதான்.

2. இதுவரை எழுதப்பட்ட பேஜ்

அச்சில் இரண்டு பேஜுகள் உலவுகிறார்கள். முதலாமவர் 17ஆம் நூற்றாண்டுத் துண்டறிக்கைகளில் வருபவர். 1660இலும் 1661இலும் ஜான் கார்ஃபீல்ட் வெளியிட்ட 'அலையும் வேசி' என்ற மலிவு இதழ்வரிசை, லண்டனில் இத்தொழிலில் இருந்தவர்களின் பெயர்ப் பட்டியல்களை அச்சிட்டது. அம்பலப்படுத்துவதாகச் சொல்லிக்கொண்டே முகவரி காட்டும் வேலையையும் அது செய்தது. பேஜையும், செல்வர்களின் வட்டத்தில் தொழில் நடத்திய எலிசபெத் கிரெஸ்வெல்லையும் இத்தகைய எழுத்துகள் பேராசைக்கும் தந்திரத்துக்கும் மறுபெயர்களாக்கின. சிரிப்பு மூட்டுவதற்காக எழுதப்பட்ட அவற்றை வரலாற்று ஆவணமாகப் படிப்பதில் உள்ள ஆபத்தைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பின்னாளில் பேஜைப் பற்றி எழுதிய பலர் அந்தச் சிரிப்பை அப்படியே வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டாமவர் அண்மைக்கால வெகுஜன வரலாறுகளில் வருபவர். அவற்றில் பேஜ் சொந்தக் காலில் நின்று முன்னேறிய தொழிலதிபர். சொத்துரிமை மறுக்கப்பட்ட காலத்தில் வீடுகள் கட்டி, பணம் சேர்த்து, ஆண்களின் உலகில் வென்று காட்டியவர். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. பேஜ் கட்டட வேலைகளில் முதலீடு செய்தார். 1669இல் இறந்தபோது வசதியாகவே இருந்தார். மணமான பெண்ணின் சொத்து கணவனுக்கே உரியது என்ற சட்டத்தின் கீழ் இது சாதாரணச் செயலல்ல. ஆனாலும் இந்த இரண்டாம் சித்திரம் எனக்கு முதலாவதைவிட அதிகக் கவலை தருகிறது. முதலாவது பேஜை இழிவுபடுத்தியது. இரண்டாவதோ, அவருடைய தொழிலில் உடலைக் கொடுத்தவர்களைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுகிறது. லாபத்தைக் கொண்டாடுகிறவர்கள் அது யார் மேனியிலிருந்து வந்தது என்று கேட்டாக வேண்டும்.

3. 1655: இரண்டு வழக்குகள்

பேஜின் வாழ்க்கையில் நமக்கு உறுதியான தரை 1655ஆம் ஆண்டு கிளார்க்கன்வெல்லில் நடந்த நீதிமன்ற அமர்வு. 1610 அளவில் ஸ்டெப்னியில் பிறந்த அவர் அப்போது நடுவயதில் இருந்தார். 1653இல் வில்லியம் பேக்கர் என்பவரை மணந்திருந்தார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இன்னொருவரோடு மணவாழ்க்கை நடத்தியவர், எனவே இது இருமணம் என்பது முதல் குற்றச்சாட்டு. 1604ஆம் ஆண்டுச் சட்டப்படி இருமணம் உயிர்த்தண்டனைக்குரிய குற்றம். முந்தைய உறவு தேவாலயச் சடங்கால் உறுதிப்பட்டதல்ல என்பதால் இந்த வழக்கிலிருந்து அவர் விடுபட்டார்.

இரண்டாவது வழக்கு எலினார் பூலி என்ற பெண்ணின் மரணம் பற்றியது. அவருடைய கருவைக் கலைக்க பேஜ் இரட்டை முனை கொண்ட முட்கருவியைப் பயன்படுத்தினார், அந்தக் காயத்தால் பூலி இறந்தார் என்பது குற்றச்சாட்டு. கொலை என்று தொடங்கிய வழக்கில் நடுவர் குழு உள்நோக்கமற்ற கொலை என்று தீர்ப்பளித்தது. பின்னாளில் நீதிபதி மேத்யூ ஹேல், கருக்கலைப்பு முயற்சியில் பெண் இறந்தால் அதைக் கொலையாகவே கொள்ள வேண்டும் என்று தம் குற்றவியல் நூலில் எழுதினார். 1655இன் நடுவர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. அப்படியிருந்தும் தண்டனை தூக்கு.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். இதே குற்றத்துக்கு ஓர் ஆண் தண்டிக்கப்பட்டிருந்தால் அவன் 'குருமார் சலுகை' கோரி, கட்டைவிரலில் சூடு வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருப்பான். மறைநூலின் ஒரு பகுதியை வாசித்துக் காட்டினால் குருவாகக் கருதப்பட்டுத் தூக்கிலிருந்து தப்பும் பழைய வழக்கம் அது. பெண்களுக்கு அது முழுமையாகக் கிடைத்தது 1691இல்தான். அதற்கு முன் 1624இல் கிடைத்த சிறு சலுகை 10 ஷில்லிங்குக்குக் குறைந்த திருட்டுக்கு மட்டும் பொருந்தும். ஆகவே ஆணுக்கு விரல் சூடாக முடிந்த குற்றம் பெண்ணுக்குக் கழுத்துக் கயிறாக முடிந்தது. பேஜின் மீது எனக்குள்ள மற்றக் கருத்துகள் எப்படியிருந்தாலும், இந்த அநீதியைச் சொல்லாமல் கடக்க மனமில்லை.

பெண்ணுக்கு இருந்த ஒரே வழி வயிற்றைக் காட்டுவது. தண்டனை பெற்றவள் தான் கர்ப்பிணி என்று சொன்னால், பிள்ளை பெற்று அனுபவப்பட்ட பெண்களைக் கொண்ட ஒரு குழு அவளைத் தனியறையில் சோதித்துப் பார்க்கும். வயிற்றில் அசைவு உண்டு என்று அவர்கள் சொன்னால் தூக்கு தள்ளிப்போகும்; தள்ளிப்போன தூக்கு பலருக்கு வராமலே போகும். பேஜ் அப்படித்தான் பிழைத்தார். மூன்று ஆண்டுகள் நியூகேட் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்தார். இன்னொரு பெண்ணின் கருவைக் கலைக்கப்போய்ச் சாவு வரை போனவரைத் தம் கரு காப்பாற்றியது.

விடுதி நடத்தியதற்காக அவர் மீது அப்போது வழக்கு நடக்கவில்லை என்பது இன்னும் கவனிக்கத்தக்கது. 1650இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் கடுமையானது. அதன்படி விலைமாதர் விடுதி நடத்தியவருக்கு முதல் முறை சாட்டையடி, தண்டனைக் கட்டையில் பூட்டி நிறுத்துதல், நெற்றியில் சூட்டுக்கோல் எழுத்து, மூன்றாண்டுச் சிறை. இரண்டாம் முறை மரணம். தூய்மைக் கோட்பாட்டினரின் ஆட்சியில், அந்தச் சட்டம் நடப்பில் இருந்தபோதே, ஸ்டெப்னியில் தொழில் நடந்தது. சட்டம் இருந்தும் அது அண்டாத ஓர் இடம் அங்கே இருந்தது. அந்த இடத்தை உண்டாக்கியது எது?

4. கப்பல்துறை, சம்பளச் சீட்டு, கடன்

அக்கால ஸ்டெப்னி லண்டன் கோபுரத்துக்குக் கிழக்கே பரந்துகிடந்த ஒரு பெரிய வட்டம். வாப்பிங், ஷாட்வெல், ராட்கிளிஃப், லைம்ஹவுஸ், பாப்லர் எல்லாம் அதற்குள் அடங்கும். கயிறு திரிப்போர், நங்கூரம் அடிப்போர், பாய்மரம் தைப்போர், கப்பலுக்கு ரொட்டி சுடுவோர் நெருக்கியடித்து வாழ்ந்த கரை அது. சென்னை ஜார்ஜ் கோட்டைக்கு ஆளும் சரக்கும் ஏற்றிவந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களைக் கட்டியும் பழுது பார்த்தும் அனுப்பிய பிளாக்வால் துறையும் இங்கேதான். பேஜ் சாதாரணக் கடலோடிகளுக்காக ராட்கிளிஃப் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு விடுதியும், கப்பல் அதிகாரிகளுக்காகக் கோபுரத்துக்கு அருகே ரோஸ்மேரி சந்தில் இன்னொன்றும் நடத்தினார். கடற்படையின் படிநிலை அப்படியே அவருடைய தொழிலிலும் இருந்தது.

விடுதி என்றதும் நாம் நினைப்பது ஒன்றுதான். கரையிறங்கிய கடலோடிக்கு அது தங்குமிடம், சோறு, குடி, துணி துவைக்கும் இடம், கடன் கொடுக்கும் இடம் எல்லாமும்தான். கடற்படையில் தேர்ந்த கடலோடிக்கு 1653இல் நிர்ணயித்த ஊதியம் மாதம் 24 ஷில்லிங். போர்க்காலத்தில் வணிகக் கப்பல்கள் இதைவிட அதிகம் கொடுத்தன. எனவே விரும்பி வருவோர் போதாமல், கடற்படை ஆட்களை வலுக்கட்டாயமாகப் பிடித்தது. 1666 ஜூலைத் தொடக்கத்தில் கோபுரத்தருகே நடந்த ஆள்பிடிப்பைப் பெப்பிஸ் நேரில் பார்த்தார். பிடிபட்டவர்களின் மனைவியர் ஒவ்வொரு கூட்டத்திடமும் ஓடி ஓடித் தங்கள் கணவர்களைத் தேடியதையும், படகு போன திசையையே நிலவொளியில் பார்த்து நின்றதையும் அவர் எழுதியிருக்கிறார். ஆள்பிடிப்பை நடத்தும் அலுவலகத்தைச் சேர்ந்தவருக்கே நெஞ்சு வலித்தது.

பிடித்தவர்களுக்குச் சம்பளமாவது ஒழுங்காகக் கிடைத்ததா? 1665இல் டச்சுக்காரர்களோடு தொடங்கிய போரில் அரசிடம் ரொக்கம் தீர்ந்தது. கப்பலைவிட்டு இறங்கியவன் கையில் காசுக்குப் பதில் ஒரு சீட்டு கொடுக்கப்பட்டது. இத்தனை மாதம் உழைத்தான், இவ்வளவு பாக்கி என்று அதில் எழுதியிருக்கும். அந்தச் சீட்டைக் காட்டி லண்டன் அலுவலகத்தில் பணம் பெற வேண்டும். எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. 1665 அக்டோபரில் கடலோடிகள் பசியோடு தெருவில் கிடந்து கதறிய காட்சியைப் பெப்பிஸ் பதிவு செய்திருக்கிறார். காத்திருக்க முடியாதவன் அந்தச் சீட்டை விலை குறைத்து விற்றான். வாங்கியவர்கள் மதுக்கடைக்காரர்களும் விடுதிக்காரப் பெண்களும்தான். பசித்தவன் ஒரு பங்கை இழந்து இன்றைய சோற்றை வாங்குவான். பொறுத்திருக்க வசதியுள்ளவர் முழுத் தொகையையும் பின்னர் அரசிடம் வாங்குவார். கடலுக்குப் போகுமுன் தன் கூலியைப் பெற்றுக்கொள்ள விடுதிக்காரிக்கே அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பதும், இறந்தால் அவளே வாரிசு என்று உயில் எழுதுவதும் அந்தக் கரையில் பழகிப்போன வழக்கம்.

இத்தகைய கடன் ஆளைக் கட்டிப்போடும். கடனாளி எங்கே தூங்குகிறான், எப்போது குடித்திருக்கிறான் என்பது விடுதிக்காரிக்குத் தெரியும். ஆள்பிடிக்கும் கூட்டத்துக்கு வேண்டிய தகவலும் அதுவே. டமாரிஸ் பேஜ் உயிரோடு இருக்கும்வரை தம் கப்பலுக்கு ஆள் பஞ்சம் வராது என்று கடற்படைத் தளபதி சர் எட்வர்ட் ஸ்பிராக் சொன்னதாக ஒரு கூற்று வழங்குகிறது. பேச்சுவாக்கில் சொன்னதை அப்படியே புள்ளிவிவரமாகக் கொள்ளக் கூடாது. ஆனால் ஒரு தளபதியின் பெயரில் இப்படியொரு கூற்று உலவியதே, இருவருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இருந்ததாக அக்காலத்தவர் நம்பினார்கள் என்பதற்குச் சான்று. அரண்மனையில் யார்க் கோமகன் பேஜின் பெயரை அறிந்திருந்ததற்கும் இதுவே பொருத்தமான விளக்கமாகப் படுகிறது. இது சூழலிலிருந்து வருவிக்கும் வாதம். பேஜின் கைப்பட்ட கணக்கேடு ஒன்றைக் காட்டி நிறுவுவதல்ல. இருந்தாலும் தனித்தனியாகக் கிடக்கும் செய்திகளை இதைவிட நன்றாகப் பொருத்திக்காட்டும் விளக்கம் எனக்குக் கிட்டவில்லை.

சீட்டு விவகாரம் எவ்வளவு பெரிதென்றால், 1667 ஜூனில் டச்சுக் கப்பல்கள் மெட்வே ஆற்றுக்குள் புகுந்து 'ராயல் சார்லஸ்' என்ற கொடிக் கப்பலையே இழுத்துச் சென்றபோது, எதிரியின் கப்பல்களிலிருந்து ஆங்கிலத்தில் குரல்கள் கேட்டன. இதுவரை சீட்டுக்காகச் சண்டை போட்டோம், இனி காசுக்காகப் போடுகிறோம் என்ற பொருளில் ஆங்கிலக் கடலோடிகளே கூவினார்களாம். வாப்பிங் தெருக்களில் பெண்கள், எங்கள் கணவர்களுக்குச் சம்பளம் தராததன் பலன் இது என்று கத்தினார்கள். மறு ஆண்டு நாடாளுமன்றம் இதை விசாரித்தது. 1668 மார்ச் 5 அன்று பெப்பிஸ் மக்களவையின் முன் நின்று, சீட்டு முறையில் கடற்படை வாரியத்தின் நடத்தையை நியாயப்படுத்தி மூன்று மணி நேரம்போல் பேசினார். அந்தப் பேச்சுக்காக அவர் எங்கும் பாராட்டப்பட்டார். அதே பேனா இருபது நாள் கழித்து டமாரிஸ் பேஜின் பெயரை எழுதியது. இரண்டுக்கும் இடையே உள்ள தொடர்பைப் பெப்பிஸ் சொல்லவில்லை. நாம் சொல்லியாக வேண்டும்.

5. 1668: கலகமும் தேசத்துரோகமும்

கலகம் ஈஸ்டர் திங்கட்கிழமை, மார்ச் 23 அன்று பாப்லரில் தொடங்கியது. அடுத்த நாட்களில் மூர்ஃபீல்ட்ஸ், கிழக்கு ஸ்மித்ஃபீல்ட், ஷோர்டிச், ஹோபர்ன் என்று பரவியது. நோன்புக்கு முந்தைய செவ்வாயன்று தொழில் பழகும் பையன்கள் விடுதிகளைத் தாக்குவது லண்டனின் பழைய பழக்கம். அதிகாரிகள் கண்டும் காணாமல் இருந்துவிடுவார்கள். இம்முறை ஆயிரக்கணக்கானோர் படைபோல் அணிவகுத்து, கொடி பிடித்து வந்தார்கள். சிறைக்கதவை உடைத்துப் பிடிபட்டவர்களை விடுவித்தார்கள்.

வரலாற்றாசிரியர் டிம் ஹாரிஸ் 1986இல் எழுதிய ஆய்வு இக்கலகத்தை வெறும் அடாவடியாகப் பார்க்கும் போக்கை மாற்றியது. அரசத் திருச்சபையை ஏற்காத சமயத்தவரின் கூட்டங்களை ஒடுக்குமாறு மன்னர் அதே மார்ச் மாதம் அறிவிப்பு வெளியிட்டிருந்தார். இறைவனை வணங்கக் கூடுவோரைத் தண்டிக்கும் அரசு விலைமாதர் விடுதிகளை விட்டுவைக்கிறதே என்ற கொதிப்புதான் கலகத்தின் அடிநாதம் என்று ஹாரிஸ் காட்டினார். சின்ன விடுதிகளை இடித்தது போதாது, வைட்ஹாலில் இருக்கும் பெரிய விடுதியை இடித்திருக்க வேண்டும் என்று கலகக்காரர்கள் பேசியதாகப் பெப்பிஸ் குறித்துவைத்ததும் இதற்குப் பொருந்துகிறது. மன்னரின் ஆசைநாயகியர் வாழ்ந்த அரண்மனையைத்தான் அவர்கள் சொன்னார்கள்.

ஹாரிஸின் விளக்கம் அந்த வாரத்தையும் அந்த முழக்கங்களையும் தெளிவாக்குகிறது. ஆனால் கலகம் ஏன் கப்பல்துறைக் கரையில் மூண்டது, மற்ற எத்தனையோ வீடுகளுக்கு நடுவே பேஜின் வீடு ஏன் அரண்மனை வரை செய்தியானது என்ற கேள்விகளுக்கு அது போதாது. போர் முடிந்து எட்டு மாதம் ஆகியும் சம்பளச் சீட்டு காசாகாத கரை அது. அங்கே விடுதி என்பது பாவத்தின் இடம் மட்டுமல்ல, கடன் பத்திரம் பூட்டி வைத்திருந்த இடமும் ஆகும். சமயக் கோபத்தோடு கடனாளியின் கோபமும் கலந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

நீதிமன்றம் இதற்குச் சொன்ன பதில் ஆங்கிலச் சட்ட வரலாற்றில் நிலைத்துவிட்டது. தலைமை நீதிபதி ஜான் கெலிங்கின் வாதம் இது: ஒரு குறிப்பிட்ட வீட்டை இடித்தால் அது கலகம். எல்லா விடுதிகளையும் இடிக்கப் புறப்பட்டால், நாட்டைத் திருத்தும் மன்னரின் அதிகாரத்தைக் கையில் எடுத்ததாகும், அது மன்னருக்கு எதிரான போர், எனவே தேசத்துரோகம். மேத்யூ ஹேல் மட்டும் இதை ஏற்க மறுத்தார். நான்கு இளைஞர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். பீட்டர் மெஸெஞ்சர் என்பவரின் பெயரால் அழைக்கப்படும் அந்தத் தீர்ப்பு, 1710இல் வழிபாட்டுக் கூடங்களைத் தாக்கியவர்கள் மீதான வழக்கிலும் முன்னுதாரணமாக எடுத்தாளப்பட்டது. சட்டத்தின் கண்ணில் இருக்கவே கூடாத வீடுகளை இடித்ததற்காக உயிர் போனது. அந்த வீடுகளின் மது உரிமத்தால் மன்னரின் தம்பிக்கு வருமானம் வந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால், கெலிங்கின் தர்க்கம் எவருடைய அமைதியைக் காத்தது என்று விளங்கும்.

6. பேஜின் பேரில் எழுதிய மனு

கலகத்தின்போதே, மார்ச் 25 தேதியிட்டு, ஒரு மனு அச்சில் வந்தது. ஏழை விலைமாதர்கள் மன்னரின் ஆசைநாயகியான காஸில்மெய்ன் சீமாட்டிக்கு எழுதியதாக அது பாவித்தது. அடியில் கிரெஸ்வெல், பேஜ் ஆகியோரின் பெயர்கள். தொழிலில் மூத்தவரான தாங்கள் எங்களைக் காக்க வேண்டும், இல்லையேல் இந்த முரடர்கள் தங்கள் வாசலுக்கும் வருவார்கள் என்பது அதன் சாரம். சீமாட்டி கடுங்கோபம் கொண்டதாகப் பெப்பிஸ் ஏப்ரல் 6 அன்று எழுதுகிறார்.

இது அரசவையைத் தாக்க எழுதிய நையாண்டி என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. இருந்தும் சில வரலாறுகள் இதைப் பேஜின் துணிச்சலுக்குச் சான்றாகக் காட்டுகின்றன. அது தவறு. எழுதியவருக்குப் பேஜின் வீடு இடிந்ததைப் பற்றியோ, அங்கே இருந்த பெண்கள் அன்றிரவு எங்கே போனார்கள் என்பதைப் பற்றியோ அக்கறை கிடையாது. சீமாட்டியை அவமானப்படுத்தக் கையில் அகப்பட்ட மிகத் தாழ்ந்த பெயர் பேஜுடையது, அவ்வளவே. கலகத்தில் அடிபட்ட, தெருவில் எறியப்பட்ட பெண்கள் ஒருவர் பெயர்கூட அந்த மனுவில் வராது.

7. எந்த ஆவணத்தைத் திறப்பது

டமாரிஸ் பேஜை நிரபராதியாக்குவது என் நோக்கமல்ல. எலினார் பூலியின் சாவுக்கு அவர் பொறுப்பு என்று நடுவர்கள் சொன்னார்கள். அதை மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. பேஜைத் தொழிலதிபராகப் பாராட்டும் நூல்கள் பூலியை ஒரு வாக்கியத்தில் கடந்துபோவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கருவுற்ற பெண் அத்தகைய விடுதிக்குச் சுமை. கருவைக் கலைப்பது அங்கே தொழிலின் ஒரு பகுதி. பூலி பேஜின் விடுதியில் இருந்தவரா, உதவி தேடி வெளியிலிருந்து வந்தவரா என்பது எதுவாயினும், அந்தக் கருவி அந்தப் பொருளாதாரத்தின் கருவி.

இனி செய்ய வேண்டிய வேலை துண்டறிக்கைகளில் இல்லை. கேன்டர்பரி பேராயரின் உயில் நீதிமன்றத்தில் பதிவான 17ஆம் நூற்றாண்டுக் கடலோடிகளின் உயில்கள் இன்று பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கூலிப் பாக்கியைத் தவிர வேறு சொத்தில்லாத ஆட்கள், ஸ்டெப்னியின் விடுதிக்காரப் பெண்களை வாரிசாக எழுதிய உயில்கள் அவற்றுக்குள் இருக்கின்றன. அந்தப் பெண்களின் பெயர்களை மிடில்செக்ஸ் நீதிமன்றப் பதிவுகளில் வரும் பெயர்களோடும், கடற்படையின் சம்பளப் பதிவேடுகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தால், சீட்டுகள் எந்தக் கைகளுக்குப் போயின, யாருடைய வீட்டிலிருந்து எத்தனை பேர் கப்பலேறினார்கள் என்று கணக்கெடுக்கலாம். பேஜ் தனியொரு விதிவிலக்கா, அவரைப் போன்ற பலருள் நாட்குறிப்பில் பெயர் விழுந்த ஒருவர் மட்டும்தானா என்பது அப்போது தெரிந்துவிடும்.